ரெண்டே முக்காவுக்கு எந்தத் தோட்டா

எனக்கு இடது கையில் ரெண்டு விரல் இல்லை. பட்டாளத்தோடு சண்டைக்குப் போய் வந்ததில் போனது. அதைப் பற்றி வேறே சொல்ல ஒன்றுமில்லை. துப்பாக்கிக்கு அந்தக் கை தாங்கிக் கொடுத்தால் போதும். ரப்பர் மரத்துக்குப் போதாது. பால்வெட்டுக் கத்தியை ரெண்டு கையாலும் பிடித்து, பட்டையை மெலிசாகச் சீவி இறக்கணும். நான் வெட்டின மரமெல்லாம் முண்டு முண்டாய் வீங்கிற்று. கங்காணி ஒரு வாரம் பார்த்தார். கத்தியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் துரை என்னைத் துப்பாக்கிக் காவலில் போட்டார்.

தோட்டம் பேச்சிப்பாறைக்கு மேலே, மலைச்சரிவில். யானை இறங்கும். பன்னி இறங்கும். பால் வெட்டப் போகிறவர்களுக்கு முன்னால் துப்பாக்கியோடு நடப்பது வேலை.

காவலுக்கு நாங்கள் ரெண்டு பேர். மற்றவன் மயிலாடிக்காரன். கல் உடைக்கிற குடும்பம். பாறையில் குழி அடித்து, மருந்து போட்டு, வெடி வைத்துப் பழகினவன். மலைக்கு ஏன் வந்தான் என்று நான் கேட்டதில்லை. என் விரலை அவனும் கேட்டதில்லை. வயது ஒப்பம். அவன் வாய் ஓயாது, என் வாய் திறக்காது. அதனால் ஒத்துப்போயிற்று.

துப்பாக்கி ஒன்றுதான். குழல்மேல் 275 என்று வெட்டியிருக்கும். இருநூத்தி எழுபத்தஞ்சு என்று முழுசாய்ச் சொல்ல அந்த மலையில் ஆருக்கும் நேரமில்லை. நூறை ஒன்றாய் வைத்து ரெண்டே முக்கா என்போம். "ரெண்டே முக்காவை எடுத்துட்டு வா" என்றால் துப்பாக்கி வரும்.

தேசம் கைமாறினது. துரைமார் ஒவ்வொருவராய் இறங்கினார்கள். எங்கள் துரையும் தோட்டத்தை நாகர்கோவில் முதலாளி ஒருவருக்கு விற்றுவிட்டுக் கப்பலேறினார். துப்பாக்கியையும் தோட்டாப் பெட்டிகளையும் தோட்டத்தோடு விட்டுப் போனார். புது முதலாளி புது மானேஜரை அனுப்பினார். வயல் பார்த்த குடும்பத்து மனுசன். வந்த அன்று கங்காணி சாவிகளைக் கொடுத்துச் சொன்னார்.

"இது ஆபீஸ் சாவி, இது ஸ்டோர் சாவி. இது ரெண்டே முக்காவுக்கு."

"ரெண்டே முக்காவா? அதுக்கு எதுக்குவே சாவி? எங்க கிடக்கு?"

"அலமாரியில சார்."

"ரெண்டே முக்கா மரக்கால் விதைப்பாடு அலமாரியில கிடக்கா?"

அவர் வயல் அளவை நினைத்துவிட்டார். மயிலாடிக்காரன் சிரிப்பை அடக்க வெளியே ஓடிப்போனான். நான் அலமாரியைத் திறந்து துப்பாக்கியைக் காட்டினேன். மானேஜர் சிரிக்கவில்லை. எங்கள் ரெண்டு பேரையும் பார்த்தார்.

"ஒரு தோக்குக்கு எதுக்கு ரெண்டு ஆளு?" என்றார்.

அன்றைக்கு அதோடு விட்டார். மறக்கவில்லை. மாசி முடிகிற சமயம் எங்களைக் கூப்பிட்டார். லைசென்ஸில் தோட்டத்தின் பேர் இருக்கும். அதற்குக் கீழே துப்பாக்கி எடுக்கிற ஆட்கள் என்று எங்கள் பேர் ரெண்டும் இருக்கும். இனி ஒரு பேர்தான் என்றார்.

"ஆரை வைக்கணும், ஆரை வெட்டணும்னு எனக்குத் தெரியாது. சித்திரையில குறிவெடிப் போட்டி வருதாமே. ரெண்டு பேரும் போங்க. எவனுக்குக் கூடுதல் படுதோ அவன் பேரு நிக்கட்டும். மத்தவன் பால் வெட்டட்டும்."

மானேஜர் பேரில் தப்பு சொல்ல மாட்டேன். வேறு எப்படி அவர் முடிவு பண்ணுவார்.

மயிலாடிக்காரனுக்கு ரெண்டு கையும் உண்டு. தோற்றால் கத்தி எடுப்பான். மனசு கசக்கும், பிறகு பழகும். எனக்குக் கத்தி கிடையாது. இரணியலில் அண்ணன் வீடு உண்டு. அங்கே போனால் ஒரு தட்டு சோறு வைப்பார்கள். முகம் சுளிக்கவும் மாட்டார்கள். ஆனாலும் அந்தச் சோறு எனக்கு வேண்டாம். ஜெயிக்கணும் என்று அப்போதே முடிவு பண்ணினேன்.

போட்டி துரைமார் காலத்தில் தொடங்கினது. மலைத் தோட்டங்களுக்குள் வருசம் ஒரு தடவை. பங்குனி, சித்திரையில் பேச்சிப்பாறை அணையில் வெள்ளம் வற்றி இறங்கும். மேல்கோடியில் சேறு காய்ந்து வெடித்துத் தட்டையாய்க் கிடக்கும். அங்கே ஐநூறு கஜம் அளந்து, அந்தக் கரையில் பலகை நாட்டுவார்கள். பலகையில் வெள்ளைத் துணி. துணியின் நடுவில் சுளகு அகலத்தில் கறுப்பு வட்டம். இந்தக் கரையில் படுத்துப் பார்த்தால் அந்தச் சுளகு ஒரு மிளகு. முன்னே துரைமார் மட்டும் வெடி வைப்பார்கள்; சுடுவதை மலையில் அப்படித்தான் சொல்வோம். துரைமார் குறையக் குறைய, தோட்டத்துக்கு ஆள் இல்லாமல் காவல்காரர்களையும் விட்டார்கள்.

துப்பாக்கி இருவருக்கும் ஒன்றே. வித்தியாசம் தோட்டாவில்தான் வரும்.

பெட்டி ரெண்டு. ஒன்றில் ஊசிமூக்கு. ஈயம் மெலிந்து கூராய் நீண்டிருக்கும், எடை குறைவு, வேகம் கூடுதல். மற்றதில் மொட்டைமூக்கு. கட்டைவிரல் மாதிரி முனை, எடை கூடுதல், வேகம் குறைவு. துரை பன்னிக்கு மொட்டை போடுவார். தூரத்துக்கு ஊசிதான் போடுவார். மொட்டை தூரத்தில் தொங்கிவிடும். காற்றுக்கும் கூடுதல் சாயும். அதனால் தோட்டத்தில் எல்லாருக்கும் ஒரே பேச்சு, போட்டிக்கு ஊசி. எனக்கும் முதலில் அதே எண்ணம்.

ஊசிப்பெட்டிக்கு ஒரு கதை உண்டு. போட்டிக்கு முந்தின மழைக்காலத்தில் அலமாரிக்கு மேலே ஓடு உடைந்து ஒழுகிற்று. ஊசிப்பெட்டி நனைந்தது. பித்தளையில் பச்சை பிடித்தது. அடித்தட்டில் இருந்த மொட்டைப்பெட்டிக்கு ஒன்றுமில்லை. மயிலாடிக்காரன் பார்த்ததும் தலையில் கை வைத்தான்.

"மருந்துல ஈரம் ஏறினா ஊத்திப் போகும் மக்கா. பாறையில எத்தனை தடவ கண்டிருக்கேன். காய வைக்கணும்."

வெயிலுக்கு எங்கே போக. அந்த மழையில் பத்து நாளைக்கு ஒரு தடவை சூரியன் எட்டிப் பார்க்கும். ஆனால் எங்களுக்குப் புகைப்புரை உண்டு. பால் உறைந்து, ஷீட்டாய் அடித்து, கம்பில் தொங்கவிட்டுக் கீழே விறகு புகையவிடுகிற கட்டிடம். உள்ளே போனால் மூச்சு முட்டும், அவ்வளவு சூடு. மழைக்காலத்தில் அந்த மலையில் எல்லாம் அங்கேதான் காயும். கம்பளி, நல்லமிளகு, கருவாடு, கங்காணியின் செருப்பு.

"ஷீட்டு காயுதுல்லா? திர காயாதா?" என்றான்.

தோட்டாவைத் திர என்றுதான் மலையில் பாதிப்பேர் சொல்வார்கள். நான் சரி என்றேன். எனக்கும் அது நியாயமாய்ப் பட்டது. சாக்கில் கட்டி, தீக்கு எட்டாத மேல்கம்பில் தொங்கவிட்டோம். மழை விடுமட்டும் அங்கே தொங்கிற்று. இறக்கினபோது பச்சை இல்லை. பித்தளை காபிக்கொட்டை நிறம். முகர்ந்தால் கருவாட்டு வாடை. துடைத்துப் பெட்டியில் அடுக்கினோம். அவனுக்கு அதில் பெருமை. "நான் இல்லைன்னா இந்தப் பெட்டி குப்பைக்குத்தான்" என்று வருகிறவன் போகிறவனிடம் சொல்வான்.

புதுத் தோட்டா கிடைக்காது. மானேஜர் நாகர்கோவிலில் கேட்டார், திருவனந்தபுரத்துக்கு ஆள் விட்டும் கேட்டார். அந்த அளவுக்கு இல்லை என்றார்கள். இருக்கிறதில் போட்டிக்கு எடுத்து வைத்து, மிச்சத்தில் ஆளுக்குக் கொஞ்சம் பழகத் தந்தார். ஒன்று வெடித்தால் ஒன்று குறையும். சும்மா வைத்துப் பார்க்க முடியாது.

அவன் தோட்டத்துக்குள்ளேயே நூறு கஜத்தில் பார்த்தான். ஊசி அஞ்சு. பலகையைக் கழற்றிக் கையோடு தூக்கிக்கொண்டு நாங்கள் குடியிருந்த லயத்துக்கு வந்தான்.

"ஏலே, பாத்தியா. ஒரு தேங்காச் சிரட்டையால மூடலாம் அஞ்சையும்."

மூடலாம்தான். நன்றாய் வைத்திருந்தான். குறி அவனுக்கு நல்ல குறி. அதை எப்போதும் சொல்வேன்.

நான் அணைக்கு இறங்கினேன். போட்டி ஐநூறில். ஐநூறில் வைத்தால்தான் எனக்குத் திருப்தி. வெள்ளம் அப்போதே பாதி இறங்கியிருந்தது. பலகையை நாட்டிவிட்டு வந்து படுத்தேன். ஊசி போட்டேன். ஒவ்வொன்றுக்கும் மூச்சை விட்டு, பாதியில் நிறுத்தி, பைய இழுத்தேன். ஒன்றும் அவசரம் இல்லை. எழுந்து நடந்துபோய்ப் பார்த்தேன்.

இடம் வலம் சரியாய் இருந்தது. மேலும் கீழும்தான் இல்லை. ஒன்று வட்டத்தில். ஒன்று அதற்கு மேலே முழத்துக்கு. ஒன்று கீழே. ஒன்று துணியிலேயே இல்லை, மேலே பலகையின் விளிம்பைக் கிள்ளியிருந்தது.

கையில்தான் தப்பு என்று நினைத்தேன். ரெண்டு விரல் இல்லாத கை. தாங்கினால் போதும் என்று இத்தனை நாள் சொல்லி வந்தது பொய்யோ என்று தோன்றிற்று. திரும்பி மேலே ஏறும்போது இரணியல் வீட்டு முற்றம் கண்ணில் வந்து நின்றது. ஏறி முடியுமட்டும் போகவில்லை.

மறுநாள் ஒரு சாக்கில் மணல் அள்ளி, துப்பாக்கியை அதன்மேல் படுக்க வைத்தேன். கைக்கு வேலையே இல்லை. ஊசி மறுபடி வைத்தேன். அதே போல மேலும் கீழும். அப்போ கையில்லை.

மொட்டை எடுத்தேன். முதல் வெடி பலகைக்கு ரொம்ப முன்னால் சேற்றுப் பொருக்கில் புழுதி கிளப்பிற்று. தொங்கும் என்றார்களே, இவ்வளவா என்று நினைத்தேன். துப்பாக்கியின் பின்குறியில் ஏற்றி இறக்குகிற தகடு ஒன்று உண்டு. அதில் ஒன்று, ரெண்டு என்று எண்கள் கொத்தியிருக்கும். ஊசிக்கு அந்த எண் ஒத்து வராது. ஐநூறு கஜத்துக்குத் துரை மூன்றரையில் நிறுத்துவார். ஏன் என்று நான் யோசித்ததில்லை. இப்போது தகட்டை அஞ்சுக்கு ஏற்றினேன். ஐநூறுக்கு அஞ்சு.

வைத்தேன். போய்ப் பார்த்தேன். வட்டத்தின் அடியில் மூன்று, பக்கம் பக்கமாய். நாலாவது கொஞ்சம் வலத்தே, காற்று தள்ளினது. துப்பாக்கி செய்தவன் அந்தத் தகட்டை மொட்டைக்குத்தான் கொத்தியிருக்கிறான். ஊசி பிறகு வந்தது போல.

உட்கார்ந்து ஒரு பீடி குடித்தேன்.

ஊசிக்குள்ளே என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. உடைத்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் விளங்கியிருக்காது. புகைப்புரைச் சூட்டில் அத்தனை நாள் கிடந்தது. மேல்கம்பில் எல்லாப் பக்கமும் ஒரே சூடு இல்லை. ஒன்று கூட வெந்திருக்கும், ஒன்று குறைய. ஒன்று வேகமாய்ப் போகிறது, ஒன்று மந்தமாய்ப் போகிறது. கிட்டத்தில் அது தெரியாது. தூரத்தில் தெரியும். இவ்வளவுதான் நான் யோசித்தது.

மொட்டை தொங்கும். ஆனால் எல்லாம் ஒரே அளவாய்த் தொங்கும். எவ்வளவு தொங்கும் என்று தெரிந்தால் அவ்வளவு ஏற்றிக்கொள்ளலாம். காற்றுக்குச் சாயும். அதற்குக் காற்றைப் பார்க்கணும். பார்க்கலாம். புகைப்புரையில் கிடந்த தோட்டாவைப் பார்த்து இது மேலே போகும், இது கீழே போகும் என்று சொல்ல ஆராலும் ஆகாது.

மொட்டை என்று முடிவு பண்ணினேன்.

பிறகு அவனிடம் சொல்லணுமா என்று பார்த்தேன். சொல்லாவிட்டால் ஜெயிக்கிறது சுளுவு. அப்படி ஜெயித்து அவனோடு ஒரே லயத்தில் எப்படி இருக்க. சொன்னேன். அவன் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தான்.

"ஊசி எடுக்காதே. புகைப்புரையில கெட்டுப்போச்சு. ஐநூறுல மேலும் கீழும் போகுது."

கையில் இருந்த வேட்டியைப் பிழிந்தான். உதறினான். கொடியில் போட்டான். பிறகுதான் திரும்பினான்.

"எனக்கு மொட்டையைத் தந்துட்டு நீ ஊசியைக் கொண்டு போகலாம்னு பாக்கியா?"

"நான் மொட்டைதான் எடுக்கப் போறேன்."

"போட்டிக்கு மின்ன எல்லாவனும் அப்படித்தான் பறைவான்."

"நீ அணைக்கு இறங்கி வச்சுப் பாரு."

"எதுக்கு? இருக்கிற திரயையும் தீத்துட்டு அங்க போய்க் கையக் கட்டிட்டு நிக்கவா?" அவனுக்குக் குரல் ஏறிற்று. "லே, நான் மருந்துல வளந்தவன். காஞ்ச மருந்து கெட்டுப்போகுமா? ஈர மருந்துதான் கெடும். நூறு கஜத்துல சிரட்டைக்குள்ள நிக்குது, நீயும்தானே கண்டே. ஐநூறுல போறப்போ அதுக்கு வழி தெரியாமப் போயிருமா?"

"நான் கண்டதைச் சொன்னேன்."

"நீ கண்டது உன் கையை."

சொன்னதும் அவனுக்கே ஒரு மாதிரி ஆயிற்று. வாளியை எடுத்துக்கொண்டு போனான். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்.

போட்டிக்குத் தோட்டா எண்ணிக் கொடுக்கிற அன்று ஆபீசில் கங்காணியும் இருந்தார். நான் மொட்டைப்பெட்டியைக் காட்டினேன். மானேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"துரையே தூரத்துக்கு ஊசிதான் வைப்பாருன்னு எல்லாரும் சொல்லுதானுவ. நீ என்ன பன்னிக்கா போறே?"

"மொட்டை போதும் சார்."

"மொட்டைக் கைக்கு மொட்டைத் திர," என்றார் கங்காணி. "நல்ல பொருத்தம். கொள்ளாம்."

எல்லாரும் சிரித்தார்கள். மயிலாடிக்காரன் மட்டும் சிரிக்கவில்லை. ஊசிப்பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாய் எடுத்துத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். ஒரு நிமிசம் கை நின்றது. என்னைப் பார்த்தான். பிறகு மறுபடியும் துடைத்தான்.

போட்டி நாளில் சேற்றுப் பொருக்கு முழுக்க ஆட்கள். வெட்டுக்காரர்கள், சாயாக்கடை, பனநொங்கு விற்கிறவன். மிச்சமிருந்த துரைமாரில் வயசான ஒருவர் குடைக்குக் கீழே நாற்காலி போட்டு, தூரக்கண்ணாடியோடு இருந்தார். அவர்தான் தீர்ப்பு. ஆளுக்கு ஏழு வெடி, ஆளுக்கு ஒரு துணி. பலகைக்குப் பக்கத்தில் பள்ளம் தோண்டி அதற்குள் ரெண்டு பேர். வெடி பட்டால் கம்பு நீட்டி ஓட்டையைக் காட்டுவார்கள். படாவிட்டால் வெள்ளைக்கொடி ஆட்டுவார்கள்.

சீட்டுக் குலுக்கினார்கள். அவனுக்கு முதலில் வந்தது. எனக்குக் கடைசிக்கு முன்னால். காலையில் காற்று இருக்காது. வெயில் ஏற ஏறக் கீழேயிருந்து காற்று ஏறும். மொட்டைக்கு அது கூடாது.

"கர்த்தர் கண்ணைத் தொறந்துட்டாரு மக்கா," என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தான்.

காற்று அசையவே இல்லை. முதல் வெடி கறுப்பில். கம்பு நேரே நடுவைக் காட்டிற்று. கூட்டம் ஓ என்றது. ரெண்டாவது கறுப்பின் மேல்விளிம்பு. மூன்றாவதுக்குக் கொடி ஆடிற்று.

எனக்குத் தெரியும், மேலே போயிருக்கிறது. அவனும் அப்படித்தான் நினைத்தான். தகட்டை இறக்கினான். அது செய்யக்கூடாது. ஓடிப்போய்ச் சொல்லலாம் என்று கால் எழும்பிற்று. படுத்தவனிடம் பேசக்கூடாது என்பது சட்டம். நின்றேன். அடுத்தது மந்தத் தோட்டா வந்திருக்கணும். தகடும் இறங்கிக் கிடக்கிறது. பலகைக்கு முன்னால் புழுதி எழும்பிற்று. கொடி ஆடிற்று. அவன் தகட்டை ஏற்றினான். அடுத்தது வட்டத்தில். பிறகு ஒன்று கொடி. கடைசி ஒன்று கறுப்பின் அடியில்.

ஏழில் நாலு. எழுந்து துப்பாக்கியைக் கொண்டுவந்து என் கையில் தந்தான். முகத்தில் ரத்தம் இல்லை. குழல் ஆறட்டும் என்று நிழலில் வைத்தேன். தோட்டாவையும் ஈரத்துணியில் பொதியாமல், வெயிலில் விடாமல், சட்டைக்குள்ளும் வைக்காமல், மரநிழலில் ஒரு கல்லுக்கு மேலே வைத்தேன். சூடாகவும் வேண்டாம், ஈரமாகவும் வேண்டாம். அது இருந்தபடி இருக்கட்டும்.

என் முறை வந்தபோது காற்றுக்கு நாட்டின கம்பில் கொடி விரிந்து நின்றது. படுத்தேன். தகடு அஞ்சில். பள்ளத்துக்குள் இருக்கிறவர்கள் பீடி குடித்த புகை வலப்பக்கம் சாய்ந்து போகிறது. வட்டத்தின் இடது விளிம்பைப் பிடித்து வைத்தேன். கம்பு வலத்தே வெள்ளையில் காட்டிற்று. வட்டத்துக்கு வெளியே. கணக்கில் வராது.

பரவாயில்லை. உயரம் சரியாய் இருந்தது. அது போதும். இனி ஒரு பக்கம்தான் பார்க்கணும். வட்டத்துக்கு வெளியே இடத்தே, ஒரு வட்டம் அளவு தள்ளிப் பிடித்தேன். ஒன்றுமில்லாத வெள்ளையைப் பார்த்துக் குறி வைக்க மனசு ஒப்பாது. ஒப்பத்தான் வேண்டும். வைத்தேன். கறுப்பு. அடுத்தது கறுப்பு. அடுத்ததும்.

காற்று விட்டது. புகை நேரே எழும்பிற்று. விரலை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன். பின்னால் ஆரோ, "ஒறங்கிட்டானா?" என்றான். காத்திருந்தேன். காற்று மறுபடி பழையபடி சாய்ந்ததும் வைத்தேன். கறுப்பு.

ஆறாவதில் அவசரப்பட்டேன். கண்ணில் வேர்வை இறங்கிற்று, துடைக்காமல் இழுத்தேன். கொடி ஆடிற்று. அப்போது எனக்கும் அவனுக்கும் நாலு நாலு.

நாலுக்கு ஒன்று குறைந்திருந்தால்கூட இவ்வளவு பயம் இருந்திருக்காது. சமம்தான் நெஞ்சை அடித்தது. துப்பாக்கியைக் கீழே வைத்து, முகத்தைத் துடைத்து, கையையும் மண்ணில் துடைத்தேன். மறுபடி எடுத்தேன். இடது கையில் இருக்கிற மூன்று விரலும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. புகையைப் பார்த்தேன். வெள்ளையைப் பிடித்தேன். வைத்தேன்.

கம்பு எழும்பக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. பிறகு எழும்பிற்று. கறுப்பின் அடியில், இடத்தே. எனக்கு அஞ்சு.

முதல் பரிசான கேடயம் எனக்கில்லை. வேறொரு தோட்டத்துக் காவல்காரன் ஏழும் கறுப்பில் வைத்தான். புதுத் துப்பாக்கி, புதுத் தோட்டா. நன்றாகவும் வைத்தான். வயசான துரை அவன் கையைக் குலுக்கினார். எங்கள் மானேஜர் என்னிடம் வந்து, "அப்போ நீ," என்றார். அவ்வளவுதான்.

துணிகளை அவிழ்த்து எடுத்தபோது மயிலாடிக்காரன் அவன் துணியை வாங்கி மண்ணில் விரித்தான். குத்தவைத்து உட்கார்ந்தான். ஓட்டைகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாய் நேரே நின்றன. மேல்விளிம்பில் ஒன்று, கொடி ஆடினதுதான், துணியின் ஓரத்தை உரசிப் போயிருந்தது. விரலால் தொட்டுத் தொட்டு மேலிருந்து கீழே வந்தான்.

"இடம் வலம் ஒண்ணும் பிசகல்ல பாத்தியா."

"இல்ல. உன் குறி சரிதான்."

"திரதான்."

"திரதான்."

"புகையில போட்டது நான்." கடைசி ஓட்டையில் விரலை வைத்து, "நீ அன்னைக்கே பறஞ்சே."

"பறஞ்சேன்."

துணியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

லைசென்ஸில் பேர் மாற்றத் தக்கலைக்குப் போகணும். பேர் எடுக்கப்படுகிறவனும் நேரில் வரணும் என்றார்கள். ரெண்டு பேரும் பஸ்ஸில் போனோம். துப்பாக்கி சாக்கில் சுற்றி என் மடியில் இருந்தது. அவன் வழிநெடுக வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

ஆபீசில் குமாஸ்தா லைசென்ஸை விரித்தார். மானேஜர் எழுதிக் கொடுத்த கடுதாசியை வாசித்தார். பேனாவை மையில் முக்கினார். நிமிர்ந்தார்.

"இதில ஆரு போறது?"

கடுதாசியில் எழுதித்தான் இருந்தது. அவருக்கு எங்கள் முகம் தெரியாது, அதனால் கேட்டார். இவன் என்று கையைக் காட்டணும். கை எழும்பவில்லை. குமாஸ்தா காத்திருந்தார்.

"நானாக்கும்," என்றான் அவன். ஒரு எட்டு முன்னால் வைத்து நின்றான்.

குமாஸ்தா கோடு இழுத்தார். மை காய ஊதினார். என்னிடம் ஒரு கையெழுத்து வாங்கினார். மூன்றாம் கிளாஸ் படித்த கையெழுத்து. மெதுவாய்ப் போட்டேன்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். வெயில் சுட்டது. அவன்தான் முதலில் பேசினான்.

"எனக்கு எந்தப் பக்கம் வெட்டு தருவானுவளோ."

"கிழக்குச் சரிவு. கங்காணிட்ட கேட்டேன்."

"அங்க யானை கூடுதல்லா."

"அதுக்குத்தான் கேட்டேன். நாளைக்கு அந்தப் பக்கம்தான் நான் முதல்ல போறேன்."

அவன் தலையை மட்டும் ஆட்டினான். பஸ் வந்தது. ஏறினோம்.